பேராசிரியர் அறைக் கதவைத் தட்டிப் பார்த்தேன்: 5-க்கு 4

மாணவர்களைச் சந்திக்கவென்றே எங்கள் பேராசிரியர் வாரம் 2 மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார். முதல் வருஷம் முழுக்க நான் அந்தப் பக்கமே போகவில்லை. போன முதல் நாளும் சொதப்பல்தான். "சார், மூணாவது பாடமே புரியலை" என்றேன். "எந்த வரியில மாட்டிக்கிட்டே?" என்றார். திருதிருவென்று விழித்தேன்.

அடுத்த வாரம் நான் போட்டுப் பார்த்த கணக்கையே, அடித்தல் திருத்தலோடு எடுத்துப் போனேன். நாலாவது வரியில் பென்சிலால் வட்டமிட்டார்; ஒரு மைனஸ் குறியை விட்டிருக்கிறேன். அப்புறம் பேச்சு அவருடைய ஆராய்ச்சிக்குத் தாவி, அரை மணி நேரம் ஓடிவிட்டது.

குறை? தேர்வு நெருங்கினால் வாசலில் வரிசை. செமஸ்டர் தொடக்கத்தில் ஆளே இருக்காது, அப்போதே போங்கள். பரிந்துரைக் கடிதம் கேட்கத்தான் முதல்முறையாகப் போகிறீர்கள் என்றால் அவர் என்னத்தை எழுதுவார், பாவம்?