பழைய கராஜ் கதை சொல்லிக் கார் விற்க வருகிறவரிடம் கவனமாக இருங்கள்

கொழும்பில் பழைய கார் ஒன்று வாங்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்கும் எங்கள் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, சின்ன வயதில் அப்பாவின் காரில் பள்ளிக்கூடம் போனவர்களுக்காக. என்னை ஏமாற்றியவர் அந்த ஞாபகத்தை வைத்துத்தான் ஏமாற்றினார்.

2023 ஓகஸ்ட் மாதம் 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு மொரிஸ் மைனர் வாங்கினேன். வாங்கி 19ஆம் நாள், தெஹிவளையிலிருந்து வெள்ளவத்தைக்குத் திரும்பி வரும்போது, காலி வீதியில் வலப்பக்க முன் சக்கரம் மடிந்து கார் தரையில் உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் மனைவி. வேகம் 25 கிலோமீற்றர்கூட இருக்காது. பின்னால் வந்த பஸ்காரர் நேரத்துக்குப் பிரேக் அடித்ததால் இருவரும் உயிரோடு இருக்கிறோம். முந்தின கிழமைதான் பேரப்பிள்ளைகளைப் பின் சீட்டில் வைத்து நீர்கொழும்புக்கு ஓடிப் போய் வந்திருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் இரவில் நித்திரை வருவதில்லை.

நான் ஏன் ஏமாந்தேன் என்று விளங்க வேண்டுமென்றால் அந்தக் கராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எழுபதுகளில் வெள்ளவத்தைக் கால்வாய்க்குக் கிட்ட, காலி வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில் அது இருந்தது. தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த மண் நிலம், மூலையில் ஒரு லேத். சொந்தக்காரர் யாழ்ப்பாணத்தவர். நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். வேலை செய்த மெக்கானிக் பாஸ்மாரில் இருவர் சிங்களவர், ஒருவர் மலே. பம்பலப்பிட்டியில் பள்ளிக்கூடம் விட்டதும் நானும் தம்பியும் நேரே அங்கே போய்விடுவோம். எஞ்சின் இறக்கி வைத்த கார் ஏதாவது நிற்கும். அதில் ஏறி இருந்து ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டு கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் போய் வருவோம். மாமா ஒரு நாளும் இறங்கச் சொன்னதில்லை.

அறுபதுகளின் தொடக்கத்திலேயே கார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிடும்வரை, எங்களைப் போன்ற குடும்பங்கள் புதுக் காரைப் பற்றி நினைக்கவே முடியாது. யூனியன் பிளேஸ் பக்கத்துக் கண்ணாடி ஷோரூம்களைப் பஸ் ஜன்னலால் பார்த்ததோடு சரி. ஏற்கெனவே இருந்த மொரிஸ், ஒஸ்டின், ஹில்மன், பியூஜோ கார்களைத்தான் இழுத்துப் பிடித்து ஓட்டினார்கள். பார்ட்ஸ் வேண்டுமென்றால் பஞ்சிகாவத்தைக்குச் சைக்கிளில் ஒரு பெடியன் போவான். அங்கேயும் கிடைக்காவிட்டால் மாமா லேத்துக்கு முன்னால் நின்று தானே கடைந்து எடுப்பார். அவர் கையால் போட்ட புஷ் பத்து வருடம் ஓடும். அப்படிப்பட்ட கராஜ்களில் வளர்ந்த எங்களுக்கு, கராஜ்காரர் என்றால் நம்பிக்கையான ஆள் என்பது இரத்தத்தில் ஊறிய எண்ணம்.

இலக்கத் தகட்டைப் பார்த்துக் காரின் வயதைச் சொல்வது எங்களுடைய விளையாட்டு. ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்றால் ஐம்பதுகளின் கார். சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை வைத்துக் கொடுத்த இலக்கங்கள் அவை. அதற்குப் பிறகு வந்ததுதான் ஸ்ரீ என்ற சிங்கள எழுத்து. 1958இல் அந்த ஒரு எழுத்துக்காக நாட்டில் எவ்வளவு நடந்தது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். எங்களுடையது ஈ.என். முன் கண்ணாடி நடுவில் பிரிந்த, 803 சிசி மைனர். தன்னுடைய காரில் ஸ்ரீ இல்லை என்பதில் அப்பாவுக்கு ஒரு திருப்தி இருந்தது.

1983 ஜூலை 25, திங்கட்கிழமை. கொழும்பில் தமிழர்களுக்கு எதிரான கலவரம். டிங்கரிங் வேலைக்கு விட்ட எங்கள் கார் கராஜுக்குள் நின்றது. கராஜோடு சேர்ந்து எரிந்தது. மாமா குடும்பம் அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய், பிறகு கனடாவுக்குப் போய்விட்டது. அப்பா சாகும்வரை வேறு கார் வாங்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒரு மைனர் வேண்டும் என்று ஆசை வந்தது. அப்பா கராஜ் வாசலில் காரில் சாய்ந்து நிற்கும் படம் ஒன்று எங்களிடம் மிஞ்சியிருந்தது. அதைப் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கராஜின் பெயர், மாமாவின் பெயர், அப்பாவின் பெயர், காரின் இலக்கம் எல்லாவற்றையும் எழுதி, நல்ல மைனர் ஒன்று இருந்தால் சொல்லுங்கள் என்றும் கேட்டேன். யாரோ அதை வேறு குழுக்களுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் போன் வந்தது.

"அண்ணை, நீங்கள் எந்த வருசத்து பட்ச்?" என்பதுதான் முதல் கேள்வி. தானும் அதே பள்ளிக்கூடம், எனக்கு ஆறு வருடம் பின்னுக்கு என்றார். "மாமான்ர கராஜிலதான் நான் வளந்தது. பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு பிட்டுக்குள்ள இறங்கி நிண்டு பாஸ்மாருக்கு ஸ்பனர் எடுத்துக் குடுப்பன். உங்கட அப்பாவை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு அண்ணை. ஈ.என். கார்தானே?"

எனக்குச் சில நிமிடம் பேச்சே வரவில்லை. அப்பாவை நினைவில் வைத்திருக்கும் ஒருவர் கொழும்பில் இன்னும் இருக்கிறார் என்று மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் சொன்ன ஒவ்வொரு தகவலும் நானே எழுதிப் போட்டது என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. பிட், அதாவது காருக்குக் கீழே நின்று வேலை செய்யத் தோண்டும் குழி, என்ற ஒன்றைத் தவிர.

தெஹிவளையில் ஒரு வீட்டு முற்றத்தில் காரைக் காட்டினார். பின்னேரம் ஆறு மணி தாண்டி, இருட்டுகிற நேரம். கிறீம் நிறப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. நான் போகும்போதே எஞ்சின் சூடாக இருந்தது. குனிந்து பார்த்தேன். அடித்தகடு முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தது. "துருப் பிடிக்காமல் இருக்க அடிச்சது அண்ணை" என்றார். பிறகு சாவியைத் திருப்பினார். பெட்ரோல் பம்ப் டிக் டிக் என்று அடித்து, கார்புரேட்டர் நிரம்பியதும் நின்றது. பள்ளிக்கூடக் காலையில் நான் கேட்ட அதே சத்தம். அதற்குப் பிறகு நான் எதையும் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை.

என்னுடைய மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு ஞாயிறு வரட்டுமா என்று மட்டும் கேட்டேன். "வாங்கோ அண்ணை, அதுக்கென்ன. ஆனா நாளைக்குக் கண்டியிலயிருந்து ஒரு ஆள் காசோட வாறார். எனக்கெண்டால் உங்கட கைக்குத்தான் போகவேணும்." 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, ஓடுகிற எதற்கும் விலை ஏறியிருந்த காலம் அது. விட்டால் இன்னொன்று கிடைக்காது என்று பயந்தேன். அடுத்த நாள் காலையில் வங்கியில் காசை எடுத்துக் கையில் கொடுத்தேன். ரசீது கேட்க வெட்கமாக இருந்தது. அவர் காசை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. அதையும் ஒரு நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டேன்.

பேப்பர் ஓப்பன். அதாவது, காரின் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் உரிமையாளர் திகதி போடாமல் கையொப்பம் வைத்த கைமாற்றப் படிவம். விற்றவர் தன் பெயருக்கு மாற்றவே இல்லை. கொழும்பில் இப்படி நாலைந்து கை மாறிய கார்கள் நிறைய ஓடுகின்றன, எல்லாரும் சாதாரணமாகத்தான் கதைக்கிறார்கள். தயவுசெய்து சாதாரணமாக எடுக்காதீர்கள். உங்களுக்கு விற்றவர் எந்தப் பதிவிலும் இல்லை என்பதுதான் இதன் அர்த்தம்.

சக்கரம் மடிந்த காரைக் கிருலப்பனையில் பழைய ஆங்கிலக் கார் திருத்தும் ஒரு பாஸிடம் இழுத்துக்கொண்டு போனோம். மைனரின் முன் சக்கரத்தைக் கீழே தாங்குவது ட்ரனியன் என்ற மூட்டு. திருகாணி மாதிரி மரை வெட்டிய தண்டு ஒன்று அதற்குள் இருக்கும். 1000 மைலுக்கு ஒரு தடவை கிறீஸ் அடிக்க வேண்டும். அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து ஒரு நாள் அப்படியே கழன்று வரும், சக்கரம் மடியும். மைனரின் பேர்போன பலவீனமே இதுதான். ஜக் வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் என்று பாஸ் சொன்னார். நான் அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்கவில்லை.

பிறகு அவர் ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து அடிப்பக்கத்துக் கறுப்புப் பூச்சில் குத்தினார். அது பிஸ்கட்டில் இறங்குவதுபோல் உள்ளே இறங்கியது. உக்கிய தகட்டின் மேல் மெல்லிய தகரம் வைத்து, பட்டி என்ற நிரப்புப் பசை பூசி, மேலே கறுப்பு அடித்திருக்கிறார்கள். மைனருக்குத் தனியாகச் சேஸி என்ற அடிச்சட்டம் கிடையாது, காரின் உடம்பே சேஸி. அடி உக்கினால் கார் முழுவதும் உக்கினது போலத்தான். ஒரு சின்னக் காந்தத்தைக் கொண்டு போங்கள். தகட்டில் ஒட்டும், பட்டியில் ஒட்டாது. காலை வெளிச்சத்தில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். சூடாக்கி வைத்த எஞ்சின் எதையும் மறைக்கும்.

புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் 9எம் என்று தொடங்கியது. அது 948 சிசி எஞ்சின். காரில் இருந்ததோ 10எம், 1098 சிசி. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் வாகன இலக்கத்தைக் கொடுத்தால் பதிவில் உள்ள எஞ்சின் இலக்கம் வரும். வீட்டில் இருந்தபடியே பார்த்திருக்கலாம். பார்த்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

புத்தகத்தில் இருந்த கல்கிசை முகவரிக்குப் போனேன். கதவைத் திறந்தவர் பதிவு உரிமையாளரின் மகள். என்னை உள்ளே இருத்தித் தேத்தண்ணி தந்தார். அவருடைய தகப்பன் 2016இல் இறந்துவிட்டார். அதற்கு முன்பே காரைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிட்டாராம், துண்டு துண்டாக வெட்டித்தான் ஏற்றினார்களாம். நான் கைமாற்றப் படிவத்தைக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது அப்பாவின் கையொப்பம் இல்லை" என்றார். அப்படியென்றால் நான் வாங்கியது செத்துப்போன ஒரு காரின் புத்தகத்தையும், எங்கிருந்து வந்தது என்றே தெரியாத வேறொரு காரின் உடம்பையும்.

அன்று இரவு லண்டனில் இருக்கும் தம்பிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஆள் போனில் சொன்ன கதையையும் சொன்னேன். தம்பி கேட்டான்: "அண்ணா, மாமான்ர கராஜில எங்க பிட் இருந்தது?"

இருக்கவில்லை. கால்வாய்க்குப் பக்கத்து நிலம், இரண்டடி தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். அதனால்தான் மாமா சீமெந்தில் இரண்டு சரிவுத் திட்டுகள் கட்டி, கார்களை அதன் மேல் ஏற்றி வைத்து வேலை செய்தார். அந்தத் திட்டிலிருந்து விழுந்த தழும்பு என் முழங்காலில் இன்னும் இருக்கிறது. அந்த ஆள் பிட் என்று சொன்னபோது அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் நான் "ஓம் ஓம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாவைத் தெரிந்த ஒருவரை இழக்க எனக்கு விருப்பமில்லை.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். ரசீது இல்லாததால் காசு கொடுத்ததை நிரூபிப்பதே பெரும் பாடாக இருக்கிறது. மத்தியஸ்த சபைக்கு இரண்டு தடவை கூப்பிட்டும் அவர் வரவில்லை. இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழை வாங்கிக்கொண்டு இப்போது சட்டத்தரணியிடம் போயிருக்கிறேன். தெஹிவளை வீடு வாடகை வீடு, அவர் அங்கே இல்லை.

பிறகுதான் கொட்டாஞ்சேனைக்காரர் ஒருவரைச் சந்தித்தேன். வேறு பள்ளிக்கூடம், வேறு கராஜ், ஹில்மன் மின்க்ஸ் கார். அவருக்கும் அதே குரல், அதே முதல் கேள்வி, அதே ஸ்பனர் கதை. அவரும் தகப்பனின் படத்தை ஒரு குழுவில் போட்டிருந்தார். போன கிழமை, ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் ஒன்று இருப்பதாக இன்னொருவருக்குப் போன் வந்திருக்கிறது.

அந்தப் போன் உங்களுக்கு வந்திருந்தால், காசு கொடுக்க முதல் என்னோடு ஒரு தடவை கதையுங்கள். எந்தக் காரென்றாலும், எந்த இடமென்றாலும் கிருலப்பனைப் பாஸையும் கூட்டிக்கொண்டு வந்து, நானே கீழே படுத்துப் பார்த்துச் சொல்கிறேன்.