1918 பம்பாய் சவரன்: எடை சரி, ஓரத்தையும் பாருங்கள்

நகைக்கடையில் எட்டு கிராமைச் சவரன் என்கிறோமே, அந்தப் பெயரைத் தந்த சாவரின் காசு ஆங்கிலேயர் காலத்து இந்தியாவில் ஒரே ஒரு தேதியோடுதான் அச்சாயிற்று: 1918. லண்டன் ராயல் மின்ட்டின் கிளையாகப் பம்பாய் நாணயசாலை சுமார் 12.95 லட்சம் காசுகளை அடித்தது. பழைய தங்கக்காசு சேர்க்கத் தொடங்குபவருக்கு முதல் காசாக இதைத் தாராளமாகச் சொல்லலாம். அதே ஆண்டின் 15 ரூபாய் மொகர் என்ற தங்கக்காசும் எடையிலும் மாற்றிலும் இதற்குச் சமம்தான். ஆனால் தங்க மதிப்புக்கு மேல் மொகருக்குக் கேட்கும் தொகை மிக அதிகம்.

எடை 7.988 கிராம், விட்டம் 22.05 மி.மீ., 22 காரட். அன்றைய 22 காரட் கிராம் விலையை 7.988 ஆல் பெருக்கினால் தங்கத்தின் விலை வந்துவிடும். அதற்கு மேல் கேட்பது முழுக்கச் சேகரிப்பு மதிப்பு. செய்கூலி, சேதாரம் என்று யாராவது பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பின்புறம் புனித ஜார்ஜ் ஏறிய குதிரைக்குக் கீழே தரைக்கோடு இருக்கும். அதில், ஆண்டின் நடுவுக்கு நேர் மேலே, மிகச் சிறியதாக 'ஐ' என்ற ஆங்கில எழுத்து. பத்து மடங்கு லென்ஸ் இல்லாமல் இதைத் தீர்மானிக்க வேண்டாம். சிட்னி, மெல்போர்ன், பெர்த், ஒட்டாவா காசுகளுக்கும் அதே இடத்தில்தான் அவரவர் எழுத்து. லண்டனில் 1918 தேதியிட்ட சாவரின் அச்சாகவே இல்லை. ஆகவே எழுத்தே இல்லாத 1918 காசு போலி, அல்லது எழுத்தைச் சுரண்டி எடுத்தது.

நம் ஊரில் கிடைப்பவற்றின் பெரிய குறை வேறு. பல காசுகள் காசுமாலையிலோ பதக்கத்திலோ இருந்து கழற்றப்பட்டவை. வளையம் இருந்த இடத்தில் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த தடம் இருக்கும். அதை அரம் போட்டு மெருகேற்றி மறைத்திருப்பார்கள். காசை விளக்கடியில் மெல்லச் சுழற்றி, ஓரத்து வரிகளைச் சுற்று முழுக்கப் பாருங்கள். இரண்டு மூன்று வரிகள் மழுங்கியோ நிறம் மாறியோ இருந்தால் அது நகைக்காசு. தங்க விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம், அதற்கு மேல் ஒரு ரூபாயும் வேண்டாம்.

தங்கத்தின் மாற்றைக் காட்டும் கேரட் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். போலிகளில் பல 22 காரட் தங்கத்திலேயே செய்தவை. குதிரையின் பிடரி, அரசரின் மீசை கொழகொழவென்று இருப்பதும், சமதளத்தில் ஊசிக்குத்துப் போன்ற குழிகள் தெரிவதும்தான் அடையாளம். தராசு 0.01 கிராம் காட்டட்டும்: தேய்ந்த காசும் 7.938க்குக் கீழே இறங்கியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டால் எடை சுமார் 0.45 கிராம் குறைய வேண்டும். உரைகல்லில் மட்டும் உரசவிடாதீர்கள், ஓரம் போய்விடும்.

புளி, பல்பொடி எதுவும் படக்கூடாது. தேய்த்த காசின் பளபளப்பில் மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் ஓடும், விலையும் இறங்கும். பிவிசி உறையைத் தவிர்த்து, 22 மி.மீ. கேப்சூலில் வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் இங்கே வாங்கி எடுத்துச்செல்ல நினைக்க வேண்டாம். நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியாள் அதை ஏற்றுமதி செய்ய முடியாது.