நிலாவெளி வீதியோர நாற்றுமேடை: நாவல் கன்றுகளை நம்பி வாங்கலாம்

திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் வீதியோரத்தில், மா, கொய்யா ஒட்டுக்கன்றுகளுடன் நாவலையும் பாலையையும் விற்கும் சிறிய நாற்றுமேடையொன்று இருக்கிறது. நம் மண்ணுக்குரிய பழமரங்களைத் தேடுவோருக்கு அதன் நாவல் கன்றுகளைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். விதையை அவர்கள் கையாளும் முறையே அதற்குக் காரணம்.

நாவல் விதையை நெல்லைப்போல உலர்த்திச் சேமிக்க முடியாது. காய்ந்தால் அது இறந்துவிடும்; பழத்திலிருந்து எடுத்து இரண்டு வாரங்கள் கடந்தாலே முளைதிறன் வெகுவாகக் குன்றிவிடும்; கச்சான் காற்று வீசும் நாள்களில் வெளியே கிடக்கும் விதை இன்னும் விரைவாக வறண்டுபோகும். இங்கோ, பழத்தசையைக் கழுவி நீக்கியவுடனேயே விதைகளை மேல்மண், மணல், மாட்டெரு கலந்த பைகளில் ஊன்றி, கிடுகுப் பந்தலின் நிழலில் ஈரம் குறையாமல் பேணுகிறார்கள். 10 முதல் 15 நாள்களில் முளைப்பு தொடங்குகிறது. வித்திலைகள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுவதால், வெளியே தெரிவது மெல்லிய தண்டும் செம்மை படர்ந்த தளிருமே.

நாவலின் ஒரே விதைக்குள் பல முளையங்கள் இருப்பதுண்டு. ஆகவே ஒரு விதையிலிருந்து இரண்டு மூன்று நாற்றுகள் எழக்கூடும். அவற்றை அப்படியே விட்டால் பை செழிப்பாகத் தோன்றும், விரைவில் விலைபோகும். ஆனால் ஒன்றோடொன்று போட்டியிட்டு எல்லாமே மெலிந்துவிடும். வலுவான ஒன்றை மட்டும் நிறுத்தி மற்றவற்றை இங்கே நீக்கிவிடுகிறார்கள். வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைதான் எனக்கு அவர்கள்மீது நம்பிக்கையை ஏற்படுத்தியது.

ஒரு குறை உண்டு. விதை ஊன்றிய திகதி எந்தப் பையிலும் குறிக்கப்படவில்லை. நாவலின் ஆணிவேர் விரைந்து கீழிறங்கும் என்பதால், நெடுநாள் பையிலேயே இருந்த கன்றின் வேர் அடியில் சுருண்டுவிடும். எனவே உயரத்தைப் பார்த்து மயங்காமல், பையின் அடியை ஆராய்ந்து, வேர் வெளியே வராத இளங்கன்றையே கேட்டுப் பெறுங்கள். பாலைக் கன்றுகள் குட்டையாக இருப்பதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். சப்போட்டாவுக்கு ஒட்டுக்கட்டையாகவும், அதாவது ஒட்டுக் கட்டுவதற்கான வேருள்ள அடிச்செடியாகவும், பயன்படும் அம்மரம் இயல்பிலேயே மிக மெதுவாக வளர்வது.

விதையிலிருந்து வளரும் நாவல் காய்ப்பதற்கு 8 முதல் 10 ஆண்டுகள் வரை ஆகும் என்பதை அவர்கள் மறைக்காமல் சொல்லியே விற்கிறார்கள். வீட்டில் நீர்வசதி குறைந்தவர்கள், வடகீழ்ப் பருவமழை தொடங்கும் ஐப்பசி வரை பொறுத்திருந்து கன்று வாங்குவதே நல்லது.