ஹூஸ்டனில் ஒன்பது வருடம், டல்லாஸில் ஆறு: கையில் காசிருந்தாலும் கவனிக்க வேண்டியவை

"டெக்சாஸுக்கு வரலாம்னு இருக்கோம், ஹூஸ்டனா டல்லாஸா?" என்று கலிஃபோர்னியா நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கொஞ்சம் வசதியாகவே இரண்டு ஊரிலும் சொந்த வீட்டில் இருந்து பார்த்துவிட்டேன். 2010 முதல் 2019 வரை ஹூஸ்டனின் மெமோரியல் பகுதி, அதன்பிறகு டல்லாஸை ஒட்டிய யூனிவர்சிட்டி பார்க்.

வரியை வைத்து முடிவெடுக்காதீர்கள். மாநில வருமான வரி இரண்டு ஊரிலும் இல்லை. விட்டதைச் சொத்து வரியில் பிடித்துவிடுவார்கள். இருபது லட்சம் டாலர் வீட்டுக்கு வருடம் முப்பதாயிரமாவது எடுத்து வையுங்கள். மே 15-க்குள் மதிப்பீட்டை எதிர்த்து மனுப் போடுவது இங்கே வருடாந்திரத் திருவிழா.

வித்தியாசம் தண்ணீரில்தான் இருக்கிறது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது மழை எங்கள் தெருவை ஒன்றும் செய்யவில்லை. மேற்கே ஆடிக்ஸ், பார்க்கர் நீர்த்தேக்கங்கள் நிரம்பி, திறந்துவிட்ட பிறகுதான் வினை. பஃபலோ பாயூ ஓடைக் கரையோர வீடுகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. எங்கள் வீடு சற்று மேட்டில் இருந்ததால் தண்ணீர் கார் ஷெட்டோடு நின்றுவிட்டது. இரண்டு தெரு தள்ளி, எங்களுடையதைவிட விலை கூடிய வீட்டில் இத்தாலிய மார்பிள் தரை முழுக்கச் சேறு. அவர்களிடம் வெள்ளக் காப்பீடே இல்லை! சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குச் செல்லாது. அரசுத் திட்டமும் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர்தான் தரும். பெரிய வீட்டுக்கு அது சுண்டைக்காய். மேற்கொண்டு தனியாரிடம் ஒன்று எடுக்கத்தான் வேண்டும். அரசு பாலிசி நடைமுறைக்கு வர வழக்கமாக 30 நாள் ஆகும், புயல் கிளம்பியபின் ஓடிப் பயனில்லை.

டல்லாஸில் ஆபத்து தலைக்கு மேலே. நாங்கள் குடிவந்த நான்காவது மாதம், 2019 அக்டோபர் 20 இரவு, பிரெஸ்டன் ஹாலோ மாளிகைகளின் கூரைகளை டொர்னாடோ என்னும் சுழல்காற்று பிய்த்துப் போட்டது. எங்களுக்கு சைரன் சத்தத்தோடு சரி. அது அபூர்வம், ஆலங்கட்டி மழை அப்படியல்ல. அதற்கான டிடக்டிபிள், அதாவது காப்பீடு கொடுக்குமுன் நாமே ஏற்க வேண்டிய தொகை, பெரும்பாலும் சதவீதக் கணக்கில் இருக்கும். பதினைந்து லட்சத்துக்குக் காப்பீடு செய்த வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் முதல் முப்பதாயிரம் உங்கள் தலையில். பாலிசியின் அந்தப் பக்கத்தை நான் ஆலங்கட்டியில் முதல் கூரை போன பிறகுதான் படித்தேன்.

ஆனாலும் மனசு கிடப்பது ஹூஸ்டனில். மெனில் கலெக்‌ஷன் கலைக்கூடத்தில் காசில்லாமல் நுழைந்து ஒரு மதியம் முழுக்க உட்காரலாம். பெல்லேர் சாலையில் வியட்நாமியச் சாப்பாடு, ஹில்க்ராஃப்டில் நம் மளிகை, பியர்லேண்டில் மீனாட்சி கோயில். வயதான பெற்றோர் கூட இருந்தால் டெக்சாஸ் மெடிக்கல் சென்டர் ஒன்றுக்காகவே அங்கே இருக்கலாம். நிலப் பயன்பாட்டுச் சட்டம் இல்லாத ஊர் என்பதால் எதன் பக்கத்தில் எது முளைக்கும் என்று தெரியாது. பத்திரத்திலேயே கட்டுப்பாடு எழுதியிருக்கும் பகுதியாகப் பார்த்து வாங்குங்கள்.

யூனிவர்சிட்டி பார்க் நேரெதிர். தனி நகராட்சி, பிள்ளைகள் நடந்தே போகும் நல்ல பள்ளி, வெட்டிவைத்த புல்வெளி. கொஞ்சம் அலுப்பும் உண்டு; நல்ல ஓவியம் பார்க்க ஃபோர்ட் வொர்த்தின் கிம்பெலுக்குக் காரை எடுக்கிறேன். சென்னைக்கு எந்த ஊரிலிருந்தும் துபாய், தோஹா வழி ஒரே மாற்றத்தில் போய்விடலாம், அதில் பேதமில்லை.

2024 ஜூலையில் பெரில் புயலடித்து ஹூஸ்டனில் கரண்ட் போனபோது, பழைய பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆறு நாள் எங்களோடு இருந்தார்கள். "நல்லவேளை வந்துட்டீங்க" என்றார்கள். அன்று சாயங்காலம் நான் வீட்டைச் சுற்றி ஹோஸ் போட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் களிமண் கோடையில் சுருங்கி அஸ்திவாரத்தை விரிசல் விட வைக்கும். அதற்குத் தண்ணீர் காட்ட வேண்டும்.

மனைவி வாசலில் நின்று சொன்னாள்: "ஏங்க, அங்க தண்ணிக்குப் பயந்து வந்தோம். இங்க வீட்டுக்கே தண்ணி ஊத்திட்டு இருக்கீங்க."