கழனி மீத்தேனை அளக்க எது தோது: செயற்கைக்கோளா, கோபுரமா, பெட்டியா?

வேலூர்ப் பக்கம் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று போகத்துக்குப் போகம் கழனியில் தண்ணீர் நிற்கும் நாட்கள் மாறும். தண்ணீர் நின்றால் சேற்றுக்குள் காற்று இறங்காது. அங்கே நுண்ணுயிர்கள் உண்டாக்கும் மீத்தேனில் (பூமியைச் சூடாக்கும் வாயு இது) பெரும்பங்கு நெற்பயிரின் தண்டு வழியாகத்தான் வெளியே வருகிறது. அதை எதை வைத்து அளப்பது?

2017 அக்டோபரில் ஏவப்பட்ட சென்டினல்-5பி செயற்கைக்கோளின் தரவு எல்லோருக்கும் இலவசம். ஆனால் மீத்தேனுக்கு அது ஒரே எண்ணாகத் தரும் நிலப்பரப்பு, அதாவது ஒரு கட்டம், சுமார் 5.5க்கு 7 கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய 9,500 ஏக்கர். காட்பாடியை ஒட்டி அப்படி ஒரு கட்டம் விழுந்தால் கழனி, ஏரி, மாட்டுக்கொட்டகை, சாக்கடை எல்லாம் ஒரே எண்ணுக்குள் போய்விடும். மேகம் மூடினால் அதுவும் கிடைக்காது. நம் சம்பாவோ வடகிழக்குப் பருவமழையில் நிற்கிற பயிர்.

கோபுரக் கருவி காற்றின் சுழலையும் மீத்தேனையும் நொடிக்குப் பலமுறை பதிவு செய்யும், இரவும் பகலும் ஓயாது. இப்படி உலகெங்கும் 81 இடங்களில் எடுத்த அளவீடுகள் ஃபிளக்ஸ்நெட் என்ற உலகளாவிய கோபுர அளவீட்டுத் திரட்டில் 2021இல் வெளிவந்தன. அருமையான வேலை. ஆனால் கோபுரத்தைச் சுற்றி ஒரே பயிர் பரந்து கிடக்க வேண்டும். நமக்கு ஒரு வரப்பு தாண்டினால் வேர்க்கடலை, அடுத்தது கரும்பு.

என் ஓட்டு பெட்டிக்குத்தான். சேற்றில் முன்கூட்டியே பதித்த வளையத்தின் மேல் பயிரோடு சேர்த்துப் பெட்டியைக் கவிழ்த்து, 0, 10, 20, 30ஆவது நிமிடங்களில் சிரிஞ்சால் காற்றை உறிஞ்சி, ஆய்வகத்தில் வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமடோகிராஃப் கருவியில் பார்க்கிறார்கள். மீத்தேன் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதுதான் கணக்கு. ஆள் வேலை அதிகம், உண்மைதான். பலகை போடாமல் சேற்றில் கால் வைத்தால் குமிழி கிளம்பி அளவே கெட்டுவிடும். ஆனாலும் எப்போதும் தண்ணீர் கட்டிய கழனியையும், பக்கத்திலேயே காய்ச்சலும் பாய்ச்சலுமாக (காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சி) விட்ட கழனியையும் தனித்தனியே அளக்க நம்மிடம் வேறு வழி இல்லை.

உள்ளூர் அளவு இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2019இல் தந்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும்: தெற்காசியாவுக்கு ஹெக்டேருக்கு ஒரு நாளைக்கு 0.85 கிலோ மீத்தேன். நீர், உர வேறுபாட்டுக்குத் திருத்தம் உண்டு என்றாலும், நேபாளத்துக்கும் நமக்கும் தொடக்க எண் ஒன்றே.

ஆகவே எடுக்கிற அளவு திறந்த தரவாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். கடைசி விடையை மட்டும் போட்டால் போதாது. நான்கு சிரிஞ்சின் அளவும், நீர்மட்டம் பார்க்கக் கழனியில் பதித்த குழாயில் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருந்தது என்பதும், தொழுவுரம் போட்ட நாளும், நடவு தேதியும் வேண்டும். தப்பிப்போன அளவையும் காரணம் எழுதி விட்டுவைக்க வேண்டும். விவசாயியின் பெயரும் சர்வே எண்ணும் மட்டும் வெளியே போகக் கூடாது.

நவரையில் கிணற்றுப் பாசனக் கழனியிலிருந்து தொடங்கலாம். அங்கே மோட்டார் போடுவதும் நிறுத்துவதும் விவசாயி கையில். பக்கத்துப் பக்கத்து இரண்டு கழனி, ஒவ்வொன்றிலும் மூன்று வளையம், வாரம் ஒரு காலை.