“எல்லாம் அடங்கும் சேர்”: ரைன் ஆற்றுக் கப்பலுக்குக் காசு கட்ட முன் வாசியுங்கள்

ஐரோப்பாவில் ஆற்றுக் கப்பலில் ஒரு கிழமை போய்வர மட்டக்களப்பில் இருந்தபடியே முற்பணம் கட்ட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் மனைவியும் போய் வந்தோம். ஆறு அழகு, கப்பலில் வேலை செய்த பிள்ளைகள் தங்கமானவர்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் ஏமாந்தது கப்பலில் இல்லை. எங்கள் டவுணில், மின்விசிறிக்குக் கீழே, எனக்கென்று வரவழைத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு இருந்தபோது.

மனைவியின் தம்பி சுவிஸில், பாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறார். முப்பது வருஷமாக “வாங்க அத்தான், வாங்க” என்று கூப்பிட்ட மனிதர். நான் பென்சன் எடுத்த பிறகுதான் அதற்கு வழி வந்தது. போவதுதான் போகிறோம், பாசலில் ஏறி ரைன் ஆறு வழியே அம்ஸ்ரடாம் வரை ஏழு இரவுக் கப்பல் ஒன்றும் பார்ப்போம் என்று ஆசை. அந்த ஆசைக்குக் காரணம் டவுணில் ஓர் ஏஜென்சியின் கண்ணாடியில் ஒட்டியிருந்த விளம்பரம். மலைச்சரிவில் சிவப்புக் கல்லில் பெரிய கோட்டை ஒன்று, பக்கத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் டியூலிப் பூ, அதற்குக் கீழே தடித்த எழுத்தில் “அனைத்தும் அடங்கலாக”.

உள்ளே போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எழும்பி நின்றார். “சேர், என்னத் தெரியல்லையா? உங்களிட்டப் பத்தாம் ஆண்டு படிச்சனான்.” பிறகென்ன, எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. சாப்பாடு? எல்லாம் அடங்கும் சேர். இடங்கள் சுற்றிப் பார்க்கிறது? எல்லாம் அடங்கும் சேர். படிப்பித்த பிள்ளையிடம் “அதை ஒருக்கா எழுதித் தாரும்” என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளிடம் “எழுதிக் காட்டு” என்றே சொல்லி வந்தவன் நான்.

கட்டணம் ஆளுக்கு 1,290 யூரோ, இரண்டு பேருக்கு 2,580. விமான டிக்கட் வேறு. விசாவும் வேறு என்று முதலிலேயே சொன்னார், அதில் பொய் இல்லை. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூனில் இருந்து பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ, அதற்கு முன் 80. விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் அதற்கு மேலே. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். கைரேகை கொடுக்க ஆள் நேரில் கொழும்புக்குப் போகவேண்டும் என்பதால் ரயில், தங்குமிடம், ஓட்டோ என்று அங்கேயும் ஒரு செலவு. விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பி வராது. இவையெல்லாம் தெரிந்த செலவுகள். கேட்டால் யாரும் சொல்வார்கள்.

தெரியாத செலவு ரசீதிலேயே தொடங்கியது. நாங்கள் கட்டிய அன்று வங்கி யூரோவை 340 ரூபாவுக்கு விற்றது. ஏஜென்சி போட்ட கணக்கு 362. வீட்டுக்கு வந்து பழக்கதோஷத்தில் ஒரு துண்டுக் கடதாசியில் பெருக்கிப் பார்த்தேன். ஒரு யூரோவுக்கு 22 ரூபா, 2,580 யூரோவுக்கு 56,760 ரூபா. போனில் கேட்டதற்கு, “ரேட் ஏறி இறங்கும் சேர், அதுக்கு ஒரு பாதுகாப்பு” என்றார். பாதுகாப்பு அவருக்குத்தான் என்பது அப்போது எனக்கு ஓடவில்லை.

புறப்பட பத்து நாள் இருக்கும்போது வட்ஸ்அப்பில் ஒரு செய்தி. துறைமுகக் கட்டணமும் எரிபொருள் விலையும் கூடிவிட்டதாம், ஆளுக்கு இன்னும் 60 யூரோ கட்டவேண்டுமாம். மச்சானின் மகளிடம் சொன்னேன். அவள் அங்கே படித்து வேலை செய்கிறவள். “மாமா, ஜேர்மனியில ஒரு கம்பனியிட்ட நேரா வாங்கியிருந்தா இப்படிக் கேக்கவே ஏலாது” என்றாள். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கிற சுற்றுலாப் பெக்கேஜுக்குச் சட்டம் இருக்கிறது. பயணத்துக்கு 20 நாளுக்குள் வந்துவிட்டால் விலை கூட்ட முடியாது. அதற்கு முன்னே கூட்டினாலும் நூற்றுக்கு 8 வீதத்தைத் தாண்டினால் வாங்கியவர் தண்டம் இல்லாமல் விலகலாம். ஆனால் என் கையில் இருந்த ரசீது எங்களூர் ஏஜென்சியின் பெயரில். அந்தச் சட்டத்தைக் காட்டி நான் யாரோடு வாதாடுவது? கட்டினேன். அதே கப்பலை அவளைக் கொண்டே அங்கே பதிந்திருக்கலாம் என்பது அன்று இரவு முழுக்க மண்டைக்குள் ஓடியது.

மனைவியின் அக்காவும் வர ஆசைப்பட்டார். அவர் தனி ஆள். ஆற்றுக் கப்பலில் விலை எல்லாம் ஒரு கேபினுக்கு இரண்டு பேர் என்ற கணக்கில்தான். தனியாகப் போனால் அரைவாசிக்கு மேல் கூடுதலாகக் கேட்டார்கள். அவர் பாசலோடு நின்றுகொண்டார்.

சரி, கப்பலுக்கு வருவோம். கேபினுக்குள் போனதும் மேசையில் இரண்டு போத்தல் தண்ணீர். ஹொட்டேலில் வைப்பதைப் போல என்று நினைத்துக் குடித்தோம். அடுத்த நாள் புதிதாக வைத்திருந்தார்கள், அதையும் குடித்தோம். மூன்றாம் நாள் மனைவி போத்தலைத் தூக்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள். “இஞ்ச பாருங்க, கழுத்தில ஏதோ எழுதித் தொங்குது.” கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். நகம் அளவு எழுத்தில் 3.50. எங்கள் காசில் 1,190 ரூபா, அரை லீற்றர் தண்ணிக்கு. அதற்குள் ஐந்து போத்தல் முடிந்திருந்தது. அதன்பிறகு சாப்பாட்டு மேசையில் சாடித் தண்ணீர் கேட்டால் காசில்லாமல் தருவார்கள் என்று கண்டுபிடித்து, அதையே வெறும் போத்தலில் நிரப்பிக்கொண்டு வருவாள்.

சாப்பாடு அடங்கும் என்றது உண்மைதான். மூன்று நேரமும் வயிறு நிறையத் தந்தார்கள். ஆனால் சாப்பாட்டோடு குடிக்கிறது அடங்காது. காலைத் தோடம்பழச் சாறு சும்மா, அதே சாறு இரவில் 4 யூரோ. நாளுக்கு இவ்வளவு என்று குடிபானப் பெக்கேஜ் ஒன்றும் விற்கிறார்கள். அதை ஒரு கேபினில் ஒருவர் மட்டும் எடுக்க விடமாட்டார்கள், இரண்டு பேரும் எடுக்கவேண்டும். மது எடுக்காத எங்களைப் போன்றவர்களுக்கு அது வீண் காசு. எடுக்காமலே எங்கள் பில் 92 யூரோ.

இனி அந்தக் கோட்டைக்கு வருகிறேன். விளம்பரத்தில் இருந்த சிவப்புக் கோட்டை ஹைடல்பேர்க். ஹைடல்பேர்க் ரைன் ஆற்றங்கரையிலேயே இல்லை! அது நெக்கார் என்ற வேறோர் ஆற்றின் கரையில் இருக்கிறது. கப்பல் நிற்பது மான்ஹைமில். அங்கிருந்து பஸ்ஸில் கொண்டுபோவார்கள், அது தனி விற்பனை, ஆளுக்கு 65 யூரோ. அந்தப் பூந்தோட்டமும் அப்படித்தான். கொய்கென்ஹோஃப் என்று பெயர், அம்ஸ்ரடாமுக்கு வெளியே லிஸ்ஸ என்ற ஊரில் இருக்கிறது. பங்குனி நடுவில் திறந்து வைகாசி நடுவில் மூடிவிடுவார்கள். அதற்கும் பஸ், ஆளுக்கு 69 யூரோ. வாசலில் டிக்கட் வாங்கினால் இருபது யூரோ அளவுதான் என்று அங்கே போன பிறகுதான் கண்டேன். எங்களைக் கடைக்குள் இழுத்த இரண்டு படமும் அடங்காத படங்கள். இதை விடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது.

போகாமல் விடலாம்தானே என்று கேட்பீர்கள். அவ்வளவு தூரம் போன பிறகு மனிசர் விடுவாரா? இரண்டுக்கும் போனோம். 268 யூரோ. ஆனால் ஸ்ட்ராஸ்பேர்க் என்ற பிரான்ஸ் நகரில் எனக்குக் கொஞ்சம் புத்தி வந்திருந்தது. கப்பல் நின்றது ஜேர்மனிப் பக்கத்துக் கேல் என்ற ஊரில். நகரச் சுற்றுலாவுக்கு ஆளுக்கு 39 யூரோ கேட்டார்கள். மருமகள் போனிலேயே வழி சொன்னாள். கேலில் இருந்து டிராம் ஆற்றைத் தாண்டி நேரே பிரான்சுக்குள் போகிறது, டிக்கட் இரண்டு யூரோ அளவு. 142 மீட்டர் கோபுரமுள்ள ஸ்ட்ராஸ்பேர்க் தேவாலயத்துக்குள் போக ஒரு சதமும் கேட்கவில்லை. கப்பல்காரரின் குழு கொடி பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது நாங்கள் படிக்கட்டில் இருந்து, கொண்டுபோன மிக்சரைத் தின்றுகொண்டிருந்தோம்.

முழுக்கக் காசில்லாமல் கிடைத்த நாள் ஒன்றும் உண்டு. ரூடெஸ்ஹைம் தாண்டிக் கொப்லென்ஸ் வரை மேல்தட்டில் கதிரை போட்டு இருந்தால் போதும், இரண்டு கரையிலும் கோட்டை கோட்டையாக வரும். அந்தப் பகுதி முழுக்க ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பாலமும் இல்லை. வாகனமும் சனமும் பெரிய பாதையில்தான் (ஆற்றைக் கடக்கும் மிதவையில்) ஏறி இறங்குகின்றன, அசல் எங்கள் குறுமண்வெளி–மண்டூர் பாதை மாதிரி. மனைவி அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

அங்கேதான் கவுப் என்ற சின்ன ஊர் இருக்கிறது. ஆற்றின் இந்தப் பகுதியில் ஆழம் குறைந்த இடம் அது. 2018 ஐப்பசியில் அங்கத்தைய நீர்மானி வெறும் 25 சென்ரிமீற்றர் காட்டியது, 2022 ஆவணியிலும் 32 அளவுக்கு இறங்கியது. நீர்மானிக் கணக்கு ஆற்றின் முழு ஆழம் இல்லைதான், என்றாலும் அப்படி வற்றினால் கப்பல் ஓடாது. பயணிகளை பஸ்ஸில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோவார்கள், அல்லது வேறு கப்பலுக்கு மாற்றுவார்கள். எங்களுக்கு அந்த வில்லங்கம் வரவில்லை. ஆனால் கப்பலில் கிடைத்த நிபந்தனைத் தாளில் அதற்குக் காசு திருப்பித் தரமாட்டோம் என்று ஒரு வரி இருந்தது. அந்தத் தாள் ஏஜென்சியில் என் கையில் தரப்படவே இல்லை.

கரையில் இறங்கினால் சில்லறை கைவசம் இருக்கட்டும். ஜேர்மனியில் நெடுஞ்சாலை ஓரத்துக் கழிப்பறைகள் பலவற்றில் ஒரு யூரோ போட்டால்தான் கதவு திறக்கும். ஒண்ணுக்குப் போக 340 ரூபா! நீரிழிவுக்காரன் நான், என் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கடைகளில் காட் கொடுத்தால் அந்த மெஷின், இலங்கை ரூபாவில் எடுக்கவா, யூரோவில் எடுக்கவா என்று கேட்கும். ரூபா என்று கண்டதும் சொந்தக்காரனைக் கண்ட மாதிரி இருக்கும். அமத்திவிடாதீர்கள். மெஷின்காரன் வைக்கிற மாற்று விலை நம் வங்கி வைப்பதை விடப் பெரும்பாலும் மோசம். யூரோவையே தெரிவு செய்யுங்கள்.

கடைசி இரவு கேபினில் இரண்டு கடித உறை. ஒன்றில் எங்கள் பில், மற்றது வெறுமை. வெறும் உறையின் மேல், பணியாளருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 12 யூரோ “பரிந்துரைக்கப்படுகிறது” என்று அச்சடித்திருந்தது. இரண்டு பேர், ஏழு நாள், 168 யூரோ. எங்கள் கேபினைத் துப்புரவு செய்த பிள்ளை தினமும் மனைவியின் சால்வையை மடித்து ஒரு பறவை போல வைத்துவிட்டுப் போவாள். அவளுக்குக் கொடுக்காமல் வரமுடியுமா? கொடுத்தது சந்தோஷம்தான். ஆனால் ஆற்றுக் கப்பல்களில் நாளுக்கு பத்தில் இருந்து பதினைந்து யூரோ வரை இப்படி எதிர்பார்ப்பது வழமை. கப்பல் விற்கிறவருக்கு அது தெரியாமல் இருக்காது. இறங்குதுறையில் இருந்து விமான நிலையத்துக்கு டக்சி 55 யூரோ. அதுவும் அடங்கும் என்று சொல்லப்பட்டதுதான்.

கூட்டிப் பார்த்தால் 703 யூரோ, ஏறக்குறைய 239,000 ரூபா. மாற்று விலையில் போனதையும் சேர்த்தால் மூன்று லட்சத்துக்கு நாலாயிரம்தான் குறைவு. டிராம், கழிப்பறை, கரையில் சாப்பிட்டது எதுவும் இதற்குள் இல்லை. மச்சான் கை கொடுத்திராவிட்டால் நாங்கள் நடுத்தெருவில்தான்.

வந்த கிழமையே கணக்குத் தாளோடு போனேன். இந்த முறை தேத்தண்ணி வரவில்லை. “அதெல்லாம் ஒப்ஷனல்தானே சேர், நான் அடங்கும் எண்டது கப்பல்ல அடங்கிறத.” டக்சிக் காசையாவது தரச் சொன்னேன். கம்பனியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார், இரண்டு மாதமாகிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்டேன். எழுத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. என்னிடம் இருந்தது ஒரு ரசீது, ஒரு வட்ஸ்அப் செய்தி. முறைப்பாட்டை எழுதிக் கொடுத்திருக்கிறேன், பார்ப்போம்.

நீங்கள் போனால், எது அடங்கும் என்று கேட்காதீர்கள், எது அடங்காது என்று கேளுங்கள். கப்பல் கம்பனியின் நிபந்தனைத் தாளை முழுதாக வாங்கி, இங்கிலீஷ் தெரிந்த பிள்ளை ஒன்றை இருத்தி வாசிப்பியுங்கள். விளம்பரத்தில் உள்ள ஒவ்வொரு படத்திலும் விரலை வைத்து, இந்த இடத்துக்குக் கப்பல் போகுமா, பஸ் என்றால் எவ்வளவு என்று எழுதி ஒப்பம் வாங்குங்கள். யூரோவுக்கு அவர் போடும் விலையை அன்றைய வங்கி விலையோடு ஒப்பிடுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்த ஏஜென்சியா என்று பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே உறவுக்காரர் இருந்தால் அவர்களையே பதியச் சொல்வது இன்னும் நல்லது. பெக்கேஜ் விலை போக இன்னொரு மூன்றில் ஒரு பங்கைக் கையில் வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.

நேற்று மருந்து வாங்க டவுணுக்குப் போனேன். அந்தக் கண்ணாடியில் ஹைடல்பேர்க் கோட்டை இன்னும் இருக்கிறது. வெயிலில் சிவப்புக் கல் கொஞ்சம் வெளிறியிருக்கிறது, “அனைத்தும் அடங்கலாக” என்ற எழுத்து மட்டும் புதிதாக ஒட்டியிருக்கிறார்கள்.