நாயோடு ஓர் இலையுதிர்கால வார இறுதி: யார் வீட்டில், எந்தக் காட்டில்?

இலையுதிர்காலம் தொடங்கியதும் சனி, ஞாயிறுக்குத் தனிக் கிராக்கி வந்துவிடுகிறது. கோடையில் ஆளுக்கொரு திசையில் போனவர்கள் எல்லாரும் திரும்பியிருப்பார்கள். "எப்பதான் வருவீங்க?" என்று அம்மா கேட்பார். காட்டோரம் ஒரு மரவீடு (மரப்பலகையால் கட்டிய வாடகை வீடு) எடுக்கலாமா என்று நண்பர்கள் கேட்பார்கள். மாமனார் வீட்டில் யாருக்காவது பிறந்தநாள் வரும். கணவன், மனைவி இரண்டு பேர் மட்டும் என்றால் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். நாயும் இருக்கும்போது, ஒவ்வோர் அழைப்புக்கும் பதில் சொல்லும் முன் ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

பலரும் இந்தக் கணக்கைத் தூரத்தை வைத்துப் போடுகிறார்கள், அல்லது செலவை வைத்து. நான் முதலில் பார்ப்பது வேறு: போகிற இடத்தில் சாத்திக்கொள்ள ஒரு கதவு இருக்கிறதா? வளர்ந்த நாய் ஒரு நாளில் ஏறக்குறைய பாதி நேரம் தூங்கும். வீடு நிறைய ஆள் இருந்தால் அது தூங்காது. ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் எழுந்து உட்காரும். சனிக்கிழமை முழுக்க எல்லாரிடமும் வாலாட்டிய நாய் ஞாயிறு காலையில் ஒரு குழந்தையைப் பார்த்து உறுமினால், அது கெட்ட நாய் ஆகிவிடவில்லை. தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான். மனிதர்களுக்கும் இது பொருந்தும் என்பது திருமணமான எல்லாருக்கும் தெரியும்.

பெற்றோர் வீடா, நம் வீடா?

பெற்றோர் வீட்டின் பெரிய வசதி, கிளம்பும் நேரம் நம் கையில் இருப்பது. விருந்தாளியாகப் போனவர் எழுந்து விடைபெறலாம். விருந்து வைப்பவரால் முடியாது. நாய் இருந்தால் அந்த விடைபெறுதல் இன்னும் சுலபம். "அதுக்குச் சாப்பாட்டு நேரம் ஆச்சு" என்ற சாக்கை எந்த மாமியாரும் மறுத்துப் பார்த்ததில்லை. சமையல் நம் தலையில் இல்லை. பழைய அறை பெரும்பாலும் அப்படியே இருக்கும், அதற்குக் கதவும் இருக்கும்.

ஆனால் அந்த வீடு நாயை நினைத்து அடுக்கப்பட்ட வீடு இல்லை. தாழ்வான மேசையில் மாத்திரைப் பெட்டி, நாற்காலியில் தொங்கும் கைப்பை, அந்தப் பைக்குள் சர்க்கரை இல்லாத சூயிங்கம். அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் நாயின் ரத்தச் சர்க்கரை அரை மணி நேரத்திலேயே சரியத் தொடங்கலாம். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அவற்றில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கும் என்று கால்நடை மருத்துவர்கள் 2021-இல் முன்வைத்தார்கள். சாக்லேட், வெங்காயம், வேகவைத்த எலும்பு எல்லாம் தெரிந்த கதை. இலையுதிர்காலத்துக்கென்றே ஒன்று உண்டு: வெளியே குளிர ஆரம்பித்ததும் எலிகள் வீட்டுக்குள் வரும், கூடவே அலமாரிக்குப் பின்னால் எலிப்பாஷாணமும் வந்துவிடும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை மருந்தாக இருந்தால், தின்ற அன்று நாய் நன்றாகவே இருக்கும். சில நாட்கள் கழித்துத்தான் ரத்தக்கசிவு தெரியும். திங்கட்கிழமை நம் வீட்டில் சோர்ந்து படுத்திருக்கும் நாயைப் பார்த்து, சனிக்கிழமை அங்கே என்ன தின்றது என்று யாருக்கு நினைவு வரும்? அதனால் போவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. கார் நிறுத்தும் இடத்தில் குளிர்காலத்துக்காக வாங்கி வைத்த ஆன்டிஃப்ரீஸ் (கார் எஞ்சினில் நீர் உறையாமலிருக்க ஊற்றும் திரவம்) பற்றியும் அப்போதே கேளுங்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், கொஞ்சம் நக்கினாலும் உயிருக்கு ஆபத்து.

இதையெல்லாம் கேட்பது யார் என்பதில்தான் பல தம்பதிகளுக்குச் சண்டை வருகிறது. என் கருத்தில் சந்தேகமே இல்லை: யாருடைய அம்மாவோ அவர்தான் பேச வேண்டும். "நாய்க்குத் தட்டிலிருந்து எடுத்துக் கொடுக்காதீங்க" என்று மகன் சொன்னால் அது கோரிக்கை. மருமகள் சொன்னால் அது ஒரு வருடத்துக்குப் பேச்சு. மருமகன் விஷயத்திலும் இதே கதைதான், என்ன, பேச்சு ஆறு மாதத்தில் ஓய்ந்துவிடும்.

அந்த வீட்டில் இன்னொரு நாய் இருந்தால், இரண்டையும் வாசலில் மோதவிடக் கூடாது. தெருவிலேயே சந்திக்க வைத்து, நடுவில் இடைவெளி விட்டு, ஒரே திசையில் கொஞ்ச தூரம் நடத்திக் கூட்டிவந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். உணவுக் கிண்ணத்தையும் பொம்மையையும் அதற்கு முன்பே எடுத்து வைத்துவிட வேண்டும்.

இனி நம் வீடு. நாயின் படுக்கை, நாயின் வாசம், நாய்க்குத் தெரிந்த கதவு எல்லாம் இங்கே இருக்கின்றன. அந்தக் கணக்கில் நம் வீட்டை எதுவும் மிஞ்சாது. பெற்றோர் வீட்டில் போலக் கைப்பையையும் எலிமருந்தையும் தேடி அலைய வேண்டாம். ஆபத்து வேறு ஒரே இடத்தில் இருக்கிறது, வாசலில். ஒவ்வொரு விருந்தாளி வரும்போதும் கதவு திறக்கும். கையில் பாத்திரத்தோடு நுழைபவர் காலால் கதவைச் சாத்த மாட்டார். எல்லாரும் வந்து உட்காரும்வரை நாயை உள்ளறையில் வைத்திருப்பதே சரி. முதல் ஆரவாரத்தை அது பார்க்காமல் போனால் அதற்கு ஒன்றும் நஷ்டமில்லை.

நம் வீட்டில் நமக்குத்தான் நஷ்டம். வெள்ளி இரவு சுத்தம் செய்வதில் போகிறது, ஞாயிறு மாலை பாத்திரம் கழுவுவதில் போகிறது, நடுவில் யாராவது ஒருவர் நாயோடு வெளியே போகிற சாக்கில் தப்பித்துக்கொள்கிறார். (எங்கள் வீட்டில் லீஷ், அதாவது நாயைப் பிடித்து நடக்கும் வார், மாட்டியிருக்கும் கொக்கிக்கு அருகில் யார் உட்காருவது என்பதே ஒரு போட்டி.) கடிகாரத்தைப் பின்னால் தள்ளும் நாடுகளில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவில் அக்டோபரின் கடைசி ஞாயிறு, அமெரிக்காவில் நவம்பரின் முதல் ஞாயிறு. அன்றைக்கு எல்லாருக்கும் ஒரு மணி நேரத் தூக்கம் கூடுதல், நாய் இருக்கும் வீட்டைத் தவிர. 6 மணிக்கு எழுந்து பழகிய நாய் அன்று 5 மணிக்கே சாப்பாடு கேட்கும். வரவேற்பறையில் படுத்திருக்கும் மச்சினனின் முகத்துக்கு நேராக நின்று கேட்கும். முந்தைய சில நாட்களில் சாப்பாட்டு நேரத்தைத் தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் தள்ளிக்கொண்டே வந்தால் இது ஓரளவு சரியாகும்.

ஆக, ஒரே ஒரு மதியச் சாப்பாடு என்றால் நம் வீடு. இரவு தங்கல் என்றால் பெற்றோர் வீடு. இரண்டையும் மாற்றிச் செய்பவர்கள்தான் திங்கட்கிழமை களைத்துப்போய் அலுவலகம் வருகிறார்கள்.

காட்டுக்குள் மரவீடா, ஒரு பகல் நடையா?

நண்பர்களோடு என்றால் இரண்டு யோசனைகள் வரும். இரண்டு மூன்று ஜோடிகள் சேர்ந்து வெள்ளி இரவே ஒரு மரவீட்டுக்குப் போவது ஒன்று. பாதி வழியில் ஏதாவது ஒரு காட்டுப் பாதையில் சந்தித்து, நடந்து, இருட்டும் முன் அவரவர் வீடு திரும்புவது இன்னொன்று. முதலாவதற்குப் படம் நன்றாக வரும். என் ஓட்டு இரண்டாவதற்கு.

மரவீட்டு விளம்பரங்களில் "நாய்க்கு அனுமதி உண்டு" என்று போட்டிருந்தால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். நாயை வீட்டில் தனியாக விட்டுப் போகலாமா என்ற விதியைத் தேடிப் படியுங்கள். பல இடங்களில் கூடாது. அப்படியென்றால் இரவு வெளியே சாப்பிடப் போகும்போது யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும், அந்த ஒருவர் எப்போதும் நாயின் சொந்தக்காரர்தான். அப்புறம் அந்தக் கதவு விஷயம். இந்த வீடுகள் பெரும்பாலும் ஒரே கூடமாகத் திறந்து கிடக்கும். மாடியில் படுக்கை, ஏறுவதற்கு ஏணி. நாய்க்கு ஒதுங்க இடம் கிடையாது. இரவு 1 மணிவரை சீட்டாடும் நண்பர்களின் காலடியில் அது கண்ணை மூட முடியாமல் கிடக்கும். இன்னொரு ஜோடியும் நாயோடு வந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகும், நண்பர்கள் ஒத்துப்போவதால் அவர்களுடைய நாய்களும் ஒத்துப்போக வேண்டும் என்று சட்டமில்லை.

பகல் நடையில் இந்தத் தொல்லைகள் இல்லை. நாய் களைத்து, காரில் தூங்கி, தன் படுக்கையில் விழும். பேச்சும் நடக்கும்போதுதான் நன்றாக வருகிறது. எதிரெதிரே உட்கார்ந்தால் சொல்ல முடியாததைப் பக்கத்தில் நடந்துகொண்டே சொல்லிவிடலாம். இதன் எதிரி வெளிச்சம் ஒன்றுதான். 50 பாகை அட்சரேகையில் இலையுதிர்காலத் தொடக்கத்தில் பகல் நாளுக்கு ஏறக்குறைய 4 நிமிடம் சுருங்குகிறது. வாரத்துக்கு அரை மணி நேரம் போல. போன மாதம் 3 மணிக்குத் தொடங்கி நிதானமாக முடித்த அதே பாதையை இந்த மாதம் இருட்டில் தடவித்தான் முடிக்க வேண்டியிருக்கும். தாமதமாக வரும் நண்பர்கள் எல்லாருக்கும் உண்டு. அவர்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம் முன்பே நேரம் சொல்லுங்கள்.

மரவீடோ நடையோ, காடு காடுதான். குளிர் வந்தால் உண்ணி போய்விடும் என்று நினைக்கிறோம். லைம் நோயைப் பரப்பும் வளர்ந்த கருங்கால் உண்ணிகள் இலையுதிர்காலத்தில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். வெப்பநிலை 4 டிகிரியைத் தாண்டினால் போதும். கடித்த உண்ணி அந்தக் கிருமியை உடலுக்குள் செலுத்தப் பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே அன்று மாலையே நாயின் விரலிடுக்கு, காதுமடல், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள் எல்லாம் தடவிப் பார்த்து, கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். வீடு திரும்பிய களைப்பிலும் இதைச் செய்துவிட முடிகிறது. மரவீட்டு இரவில், கையில் கோப்பையோடு, யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

காளான்கள் முளைக்கும் காலமும் இதுவே. மரணத் தொப்பி என்னும் வகையைத் தின்ற நாய்க்கு 6 மணி நேரம் முதல் ஒரு நாள்வரை எதுவும் தெரியாது, பிறகு கல்லீரல் போய்விடும். ஓக் கொட்டை, குதிரைச் செஸ்ட்நட், பூஞ்சை பிடித்துக் கிடக்கும் வால்நட் எதையும் வாயில் வைக்க விடக் கூடாது. கண்டதைத் தின்னும் நாய்க்கு லீஷைக் கழற்றவே வேண்டாம். வேட்டைக் காலம் உள்ள பகுதிகளில் நாய்க்கும் மனிதர்களுக்கும் ஆரஞ்சு நிறச் சட்டை வேண்டும். பழுப்பு நிற நாய் பழுத்த புதருக்குள் மானைப்போல்தான் தெரியும்.

நாய் இல்லாமல்

சில அழைப்புகளுக்கு நாயைக் கூட்டிப்போக முடியாது. நாய் விடுதி, வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் ஆள் என்று இரண்டு வழி. விடுதிக்குக் கென்னல் இருமல் (நாய்களுக்குள் தொற்றும் ஒரு இருமல்) தடுப்பூசி கேட்பார்கள், கடைசி நிமிடத்தில் போட்டால் பலன் தராது. விடுமுறை வாரங்களில் இடமும் கிடைக்காது. ஆட்களோடு சட்டென்று பழகும் நாய்க்கு விடுதி பரவாயில்லை. வயதான நாய், பயந்த நாய் என்றால் வீட்டுக்கு வரும் ஆள்தான், அதிலும் முன்பே ஒருமுறை நாம் இருக்கும்போது வந்து போனவராக இருந்தால் நல்லது.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு, அதைப் பற்றிப் பேசவே தம்பதிகள் தயங்குகிறார்கள்: ஒருவர் போவது, ஒருவர் நாயோடு தங்கிவிடுவது. சண்டையா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். மாமனார் வீட்டில் பிறந்தநாள், நாய்க்கோ காலில் காயம் என்றால் இதைவிட மலிவான, நிம்மதியான வழி இல்லை. அம்மாவோடு மகள் தனியாக இரண்டு நாள் பேசிவிட்டு வருகிறாள். மருமகன் வீட்டில் நாயோடு சோபாவில் கிடக்கிறான். அடுத்த முறை அவன் நண்பர்களின் மரவீடு என்றால் அவள் சோபாவில் கிடக்கலாம். ஒரே நிபந்தனை: யார் தங்குவது என்பதை அழைப்பு வந்த அன்றே பேசி முடிவு செய்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை, பெட்டி கட்டும் நேரத்தில் பேசினால், சொந்தக்காரர்கள் கேட்ட கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் சொல்ல வேண்டியதாகிவிடும்.